மைக்கில் விழுந்த திட்டு

எங்கள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு அறை என்பது மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒரு பொந்து. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு மைக், பாதிக்கு மேல் திறக்காத ஒரு ஜன்னல். அங்கே உட்கார்ந்து பேசுகிறவரை நாங்கள் எல்லாரும் மைக்கக்கா என்றுதான் கூப்பிடுவோம். நான் பக்கத்து அறையில் பார்சல் பார்க்கிறவன். நடுவில் சுவர் கிடையாது, வெறும் பலகைத் தடுப்பு. அதனால் அக்கா மைக்கில் பேசுவதும் மைக் இல்லாமல் பேசுவதும் எனக்கு ஒன்றுபோலக் காதில் விழும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற தூரத்துக்கு எந்தப் பேருந்திலும் டிக்கெட் கிடையாது.

மைக் இல்லாத அக்காவுக்குச் சந்தைக் குரல். நிலையத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு டீ சொல்ல ஆள் அனுப்ப வேண்டியதில்லை. அதே அக்கா பொத்தானை அழுத்தி "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கினால் போதும், தொண்டைக்குள் வேறு யாரோ வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அழுகிற குழந்தை அழுகையை விட்டுவிட்டு ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்க்கும். வேண்டுமென்று செய்வதில்லை. மைக்கைப் பார்த்தால் அப்படித்தான் வருகிறது என்று அக்காவே அலுத்துக்கொள்வார்.

வேலை கிடைத்த கதையும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முன்னால், தன் தெரு முனையில் பேருந்து நிற்பதில்லை என்று சண்டை போடத்தான் அக்கா இங்கே முதன்முதலில் வந்தாராம். அப்போதிருந்த மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டு, என்னிடம் ஏன் கத்துகிறாய், மைக்கில் சொல், ஊருக்கே கேட்கட்டும் என்று கிண்டலாகச் சொல்லியிருக்கிறார். அக்கா கிண்டலை மதிக்கிற ஆள் இல்லை. நேரே போய் மைக்கைப் பிடித்து அந்த டிரைவரைக் கிழிகிழி என்று கிழித்தார். கிழித்ததாக அவர்தான் நினைத்தார். வெளியே வந்ததெல்லாம் தேன். திட்டு வாங்கிய டிரைவர் தானே தேடி வந்து, அம்மா எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று பணிவாகக் கேட்டான். மேனேஜர் அன்றே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

புருஷன் கிடைத்ததும் அதே மைக்கால்தான். அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் என்பதால் எல்லாருக்கும் அவர் மாஸ்டர். அந்தக் குரலைக் கேட்பதற்காகவே நிலையத்தில் வந்து உட்கார்ந்து, ஏற வேண்டிய பேருந்தையெல்லாம் விட்டுக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆன பிறகுதான் அந்தக் குரல் கரண்டில் மட்டும் ஓடும் என்று அவருக்குத் தெரியவந்தது. குறை ஒன்றும் சொல்லவில்லை. பழகிக்கொண்டார்.

மாஸ்டர் தங்கமான மனிதர். ஆனால் ஊருக்கு உபதேசம். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் வானத்தைப் பார் என்பது வகுப்பில் அவர் சொல்லும் முதல் பாடம். மழையில் பிரேக் எப்படி வழுக்கும், பனிமூட்டத்தில் எந்த விளக்கைப் போட வேண்டும், காற்றடிக்கும்போது பாலத்தில் எப்படிப் போக வேண்டும், எல்லாவற்றையும் பலகையில் படம் போட்டுக் காட்டுவார். தன்னுடைய ஸ்கூட்டரில் ஏறிவிட்டால் மட்டும் அவருக்கு எல்லா மழையும் தூறல்தான். வானம் கறுத்து, நாய்கள் ஒதுங்க இடம் தேடும்போதும், "இது விட்டுரும்" என்று சொல்லிக்கொண்டே கிளம்பிவிடுவார்.

அக்காவின் கவலை வேறு மாதிரி. பேருந்து எத்தனை மணிக்கு, எந்த நடைமேடை என்று சொல்வதற்கு அந்தக் குரல் போல வராது. ஆபத்து என்று சொல்லத்தான் அது உதவவில்லை. ஒரு காலை பனிமூட்டத்தில் பேருந்து மூக்கு பேருந்துக்கே தெரியவில்லை. மலைப்பாதை வண்டிகள் போகாது, யாரும் ஏற வேண்டாம் என்று அக்கா மூன்று தடவை சொன்னார். ஜனங்கள் முகம் மலர்ந்து கேட்டுவிட்டு, வரிசையில் நின்று ஏறினார்கள். இன்னொரு நாள் சூறைக்காற்று. விளம்பரப் பலகைக்குக் கீழே நிற்காதீர்கள் என்று கெஞ்சினார். ஒரு பெரியவர் சரியாகப் பலகைக்குக் கீழே கண்ணை மூடி நின்று, "என்ன குரல்" என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். நல்லவேளையாக அவருக்கு டீ குடிக்கத் தோன்றியது. அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் பலகை இந்தப் பக்கம் விழுந்தது. பெரியவர் டம்ளரோடு திரும்பிப் பார்த்து, இதை யாராவது முன்கூட்டியே சொல்லக் கூடாதா என்று கேட்டார்.

அன்று அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. கொஞ்சம் கடுமையாகப் பேசட்டுமா என்று இப்போதைய மேனேஜரிடம் போய்க் கேட்டார். இந்த மேனேஜர் சட்டையில் சுருக்கம் விழாமல் உட்காரத் தெரிந்தவர். "கனிவான" என்பது மேலிடம் கொடுத்த வாசகம், அதை மாற்ற நமக்கு அதிகாரம் இல்லை என்றார். அக்கா தானாகவே முயன்று பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நாள் அறிவித்தார். அக்காவுக்கு ஜலதோஷமா என்று ஐந்தாறு பேர் வந்து விசாரித்துவிட்டுப் போனதுதான் மிச்சம்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் புயல் வந்தது.

கடலில் இருந்தவரை அது செய்தியில் மட்டும்தான் இருந்தது. மதியம் சாப்பாட்டு வேளைக்குப் பிறகு திடீரென்று ஊருக்குள் வந்துவிட்டது. மழை மேலிருந்து கீழே விழாமல் பக்கவாட்டில் வந்தது. எங்கள் நிலையத்திலிருந்து பேருந்து வெளியே போக இரண்டே வழி. ஒன்று ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை, லேசாக மழை பெய்தாலே குளமாகிவிடும். இன்னொன்று ஆற்றுப் பாலம், நீளம் அதிகம், காற்றுக்குத் தடுப்பே கிடையாது. இரண்டையும் தவிர்க்கும்படி மேலிடத்திலிருந்து தகவல் வந்தது. மேனேஜர் அதை அக்காவிடம் கொடுத்தார். அக்கா வாசித்தார். பலத்த காற்று, கனமழை, பயணத்தைத் தள்ளிப்போடவும், மாடியில் உள்ள காத்திருப்போர் கூடத்துக்குச் செல்லவும் என்று அழகாகச் சொன்னார்.

கூட்டத்தில் ஓர் ஆள் நகரவில்லை. திரும்ப மாட்டியிருந்த பலகைக்குக் கீழே இருந்தவர்கள் பலகைக்குக் கீழேயே இருந்தார்கள். பாலத்து வழியாகப் போகும் பேருந்து நிறைந்து வழிந்தது. அதன் டிரைவருக்குப் பட்டப்பெயர் பைலட். தான் ஓட்டுவது பேருந்து இல்லை என்று மனதுக்குள் ஒரு எண்ணம் உள்ளவர். காத்திருக்கச் சொன்னதற்கு, காற்று பின்னாலிருந்து அடித்தால் டீசல் மிச்சம் என்று சொல்லி இஞ்சினை உறுமவிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் அக்காவின் ஃபோன் அடித்தது. மாஸ்டர். வகுப்பை முடித்துவிட்டு ஸ்கூட்டரில் வந்தவர், சுரங்கப்பாதைக்கு முன்னால் ஒரு கடை ஓரமாக நின்று பேசினார். தண்ணீர் முட்டி அளவுதான், இப்போதுதான் ஒரு வண்டி போனது, நான் காலைத் தூக்கிக்கொண்டு ஒரே மூச்சில் வந்துவிடுகிறேன், வந்தால் சேர்ந்து வீட்டுக்குப் போகலாம் என்றார். மனைவி மேல் உள்ள பிரியத்தில் சொன்னதுதான்.

அக்கா அறிவிப்பு முடிந்ததும் மைக்கின் பொத்தானை வழக்கம்போல மேலே தட்டியிருந்தார். ஈரக் காற்றில் அது மேலே போகாமல் பாதியில் நின்றுவிட்டது அவருக்குத் தெரியாது. நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மைக் முகத்துக்கு எதிரே இல்லை. அதனால் சொந்தக் குரல் வந்தது. நிலையத்தில் இருந்த எல்லா ஒலிபெருக்கியிலும் வந்தது.

"ஏங்க, உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா, இல்ல உள்ள ஒண்ணுமில்லைன்னு தெரியாம இருக்கத்தான் ஹெல்மெட் மாட்டிட்டுத் திரியிறீங்களா?"

என் கையில் இருந்த பார்சல் கீழே விழுந்தது. வெளியே பைலட்டின் இஞ்சின் சத்தம் சட்டென்று இறங்கியது.

"முட்டி அளவுன்னு யார் சொன்னா, தண்ணி சொல்லுச்சா? ஓரத்துல முட்டி, நடுவுல கழுத்து. ரோடு பள்ளத்துல இறங்குதுன்னு உங்களுக்குத் தெரியாதா? முன்னாடி ஒருத்தன் போனானே, அவன் அந்தப் பக்கம் ஏறினதைப் பாத்தீங்களா? பாக்கல இல்ல? அப்புறம் என்ன சாட்சி?"

மாஸ்டர் ஏதோ சமாதானம் சொல்லியிருக்க வேண்டும். அது எங்களுக்குக் கேட்கவில்லை. அக்கா விடவில்லை. ஒருமையில் திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். கோபம் ஏற ஏற அவருக்கு மரியாதையும் ஏறும். மரத்தடியில் நிற்காதீங்க, இடி இடிக்கிறது என்றார். பலகை, தகரம், கம்பம் எதன் கீழேயும் ஒதுங்காதீங்க என்றார். கம்பி அறுந்து கிடந்தால் தாண்டிப் பார்க்கிற வீரமெல்லாம் இந்த வயசில் வேண்டாம் என்றார். காற்றடிக்கும்போது குடையை விரித்தால் குடை உங்களைக் கூட்டிக்கொண்டு போய்விடும் என்றார். பாலத்து வழியாகச் சுற்றி வருகிறேன் என்று அவர் சொன்னார் போல. "பாலமா? லாரியையே தூக்குற காத்து, உங்களை விட்டுவைக்குமா? வண்டியை அங்கேயே பூட்டிப் போடுங்க. எதிர்ல துணிக்கடை இருக்குல்ல, மாடிக்குப் போய் உட்காருங்க. நான் சொல்ற வரைக்கும் எறங்கக் கூடாது."

கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, அதே குரலில்தான், ஆனால் கொஞ்சம் தணிந்து சொன்னார்: "வண்டி போனாப் போகட்டும். நீங்க போயிட்டா அப்புறம் நான் யாரைத் திட்டுறது?"

நான் வெளியே எட்டிப் பார்த்தேன். அப்படி ஒரு காட்சியை அந்த நிலையம் கண்டதில்லை. பலகைக்குக் கீழே இருந்த கூட்டம் துடைத்துவிட்டாற்போல் காணாமல் போயிருந்தது. குடை வைத்திருந்தவர்கள் மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நனைந்தார்கள். ஆண்கள் எல்லாரும், பள்ளிக்கூடத்தில் கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் மாதிரி தலையைக் குனிந்தபடி வரிசையாக மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆள் மட்டும் ஊருக்குப் புதியவர் போல, என்னிடம் வந்து துணிக்கடை எந்தப் பக்கம் என்று கேட்டார். பைலட் இஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டு, பயணிகளை இறக்கிவிட்டு, கதவையும் சாத்திவிட்டு வந்தார். "எங்க வீட்லயும் இதையேதான் சொல்லுவாங்க," என்றார். "ஆனா இவ்வளவு தெளிவாக் காதுல விழாது."

அக்கா ஃபோனை வைத்துவிட்டு வெளியே வந்தார். காலியான நடைமேடையையும் மாடிக் கைப்பிடி நெடுகத் தன்னையே பார்க்கும் முகங்களையும் பார்த்தார். எதனால் என்று அவருக்குப் புரியவில்லை. பொத்தானை நான்தான் காட்டினேன். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு திரும்ப உள்ளே போனவர், மழை ஓயும்வரை வெளியே வரவில்லை.

பிறகு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். சாயங்காலத்துக்குள் சுரங்கப்பாதை கூரை வரைக்கும் நிரம்பிவிட்டது. காய்கறி ஏற்றி வந்த ஒரு குட்டி வேன் நடுவில் மாட்டிக்கொண்டது. அதன் டிரைவர் ஜன்னல் வழியாக வெளியே வந்து கூரைமேல் ஏறி நின்றார். தீயணைப்புக்காரர்கள் கயிறு போட்டு இழுக்கும்போது அவரைச் சுற்றி முட்டைக்கோஸ் மிதந்துகொண்டிருந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. மாஸ்டருக்கு முன்னால் போன வண்டியும் அந்தப் பக்கம் ஏறவில்லை என்று தெரிந்தது. பாதி வழியில் பயந்து திரும்பி, வேறு சந்தில் ஒதுங்கியிருந்தது. பாலத்தில் ஒரு விளக்குக் கம்பம் குறுக்கே சாய்ந்து, கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு கிடந்தது. மறுநாள் பைலட் அந்த இடத்தில் பேருந்தை நிறுத்தி, இறங்கிப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார்.

யாரோ அந்தத் திட்டை ஃபோனில் பிடித்து வைத்திருக்கிறார்கள். பொழுது விடிவதற்குள் அது புயலைவிட வேகமாக ஊர் ஊராகப் போய்விட்டது. வெளியூரில் விடுதியில் தங்கி நர்ஸ் படிப்புப் படிக்கும் மகள் அக்காவைக் கூப்பிட்டாள். நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. "அம்மா, எங்க வார்டன் ஃபோன்ல ஓடுதே, அது நீதானே?" என்றாள். அக்கா இல்லை என்றார். அப்பாவைத் திட்டுவது வேறு யார் என்று மகள் கேட்டதும் சிக்னல் சரியில்லை என்று ஃபோனை வைத்துவிட்டார்.

மேனேஜர் அக்காவை அழைத்து, குடும்ப விவகாரத்தைப் பொதுக் கருவியில் பேசியது பற்றி விசாரித்தார். விசாரிக்கும்போது அவர் குரலில் சுரத்து இல்லை. ஏனென்றால் அன்று மாடிக்கு முதலில் ஏறியவரே அவர்தான். அதற்குள் மேலிடத்திலிருந்து பாராட்டு வந்துவிட்டது, மக்களைப் பத்திரமாக அப்புறப்படுத்திய மேனேஜருக்கு. அதோடு விசாரணை முடிந்தது.

அடுத்த மழைக்காலத்தில் மறுபடியும் ஒரு புயல் சின்னம். வானம் கறுத்ததுமே மேனேஜர் அறிவிப்பு அறைக்கு வந்து, கொஞ்சம் தயங்கி, அன்றைக்குப் பேசின மாதிரி பேச முடியுமா என்று கேட்டார். "கனிவான" வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அக்கா மைக் முன்னால் உட்கார்ந்தார். பொத்தானை அழுத்தினார். "அறிவிருக்கா" என்று ஆரம்பித்தார். அது தாலாட்டு மாதிரி போனது. கீழே ஒருவர் தன்னை அறியாமல் ஆமாம் என்று தலையாட்டினார். முகம் திருப்பிப் பேசிப் பார்த்தார், எழுந்து நின்று பேசிப் பார்த்தார். எதிரே ஆள் இல்லாமல் திட்டு வரமாட்டேன் என்கிறது என்று கையை விரித்துவிட்டார்.

மேனேஜர் அக்காவிடம் சொல்லாமல் என்னை ஜீப்பில் அனுப்பி மாஸ்டரைக் கூட்டிவரச் சொன்னார்.

மாஸ்டர் வகுப்பில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தலை சீவிக்கொண்டு வந்தார். பேருந்து நுழைய முடியாத மேட்டுத் தெரு வழியாக நெடுந்தூரம் சுற்றி, ஒரு சொட்டு நனையாமல் நிலையத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். அக்காவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். மேனேஜர் டீ வரவழைத்தார். பொத்தானை அழுத்தினார்கள். அக்கா புருஷனைப் பார்த்தார். அவர் சீவிய தலையும் மடக்கிய கையுமாக, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தார். இப்படி இருக்கிற மனிதனை எதற்காகத் திட்டுவது? "ஏங்க," என்றார். அதற்கு மேல் வரவில்லை. ஒலிபெருக்கியில் அந்த "ஏங்க" போன விதத்தில் கீழே இருந்த இரண்டு மூன்று பேர் வெட்கப்பட்டார்கள்.

காற்று ஏறிக்கொண்டிருந்தது. பைலட் நல்லபடியாக ஒதுங்கி நின்றார். ஆனால் இன்னொரு டிரைவர் புதிதாக வந்தவர், வண்டியை எடுக்கத் தயாராகிவிட்டார். ஜனங்களும் ஏறத் தொடங்கிவிட்டார்கள்.

மாஸ்டர் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தார். டீயை ஒரு மடக்கு குடித்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: "வரும்போது சுரங்கப்பாதை வழியாத்தான் வந்தேன். நம்ம ஸ்கூட்டர்லதான். தண்ணி ஒண்ணும் பெரிசா இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாயைத் திறக்கப்போன என்னை அவர் மேஜைக்கு அடியில் காலால் மிதித்தார். அதற்குள் அக்கா எழுந்து நின்றுவிட்டார். அன்று விழுந்த திட்டோடு ஒப்பிட்டால் முதல் புயலில் விழுந்தது வெறும் தூறல். பிரேக்கில் தொடங்கி, சாக்கடை மூடியைத் தொட்டு, மின்னல், மரம், கம்பி, பாலம் என்று ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தார். புது டிரைவர் சாவியைக் கொண்டுவந்து மேனேஜர் கையிலேயே கொடுத்துவிட்டார். நிலையம் மொத்தமும் மாடிக்குப் போனது. மாஸ்டர் அத்தனையையும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, டீ ஆறுவதற்குள் குடித்தபடி வாங்கிக்கொண்டார்.

ஜீப்பில் வந்த உண்மையை நான் மழை விட்டபிறகு அக்காவிடம் சொன்னேன். அவர் முதலில் பொத்தான் மேலே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு, பொய் சொன்னதற்காக மாஸ்டரை ஒரு பாட்டம் திட்டினார். அது மைக்கில் வரவில்லை.

அந்தத் திட்டைப் பதிவு செய்து எல்லா நிலையங்களுக்கும் அனுப்பலாமா என்று மேலிடம் கேட்டுப் பார்த்தது. அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. புருஷனைத் திட்டுவதைத் தெரியாத ஊரிலெல்லாம் போட்டுக் காட்டினால் அவர் மரியாதை என்னாவது என்றார். ஆனால் எங்கள் ஊரில் மாஸ்டருக்கு மரியாதை குறையவே இல்லை. மேகம் கூடினால் போதும், கடைக்காரர்கள் அவரை நிறுத்தி, மாஸ்டர் நேரே வீட்டுக்குப் போங்க என்கிறார்கள். பேருந்தில் ஏறினால் பெண்கள் இரக்கத்தோடு எழுந்து இடம் தருகிறார்கள். சுரங்கப்பாதை காய்ந்து கிடக்கிற கோடைக்காலத்தில்கூட அவரால் ஸ்கூட்டரில் அதற்குள் நுழைய முடிவதில்லை. யாராவது ஒருவர் வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிடுகிறார். அவரும் மறுபேச்சு பேசாமல், மேட்டுத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார்.